சேம்பரைக் கடையும் முன்: வேட்டை ரைஃபிளுக்குப் புதுத் தோட்டா கேட்பவர்களுக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஜெர்மன் மவுசர் ரைஃபிளைக் கையோடு கொண்டுவந்தார்கள். அருமையான துப்பாக்கி. ஆனால் அதற்குப் போட வேண்டிய 8×57 தோட்டா (8 மி.மீ. குண்டு, 57 மி.மீ. நீளக் கூடு) அன்றைக்கு அமெரிக்கக் கடைகளில் லேசில் கிடைக்காது. .30-06 தோட்டாவோ மூலைக்கு மூலை கிடைத்தது. ஊர்க் கன்ஸ்மித்துகள், அதாவது துப்பாக்கி வேலை செய்பவர்கள், ஒரு வழி கண்டார்கள். மவுசரின் சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியை, சற்று ஆழமாகக் கடைந்தார்கள். .30-06 வெற்றுக்கூட்டின் கழுத்தை விரித்து அதில் 8 மி.மீ. குண்டை உட்கார வைத்தார்கள். இந்தப் புதுத் தோட்டாவுக்கு 8 மி.மீ.-06 என்று பெயர்.

அந்தத் துப்பாக்கிகள் இன்னமும் கை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் குழல்மீது புதுத் தோட்டாவின் பெயரை யாரும் பொறிக்கவில்லை. அப்படி ஒன்று என்னிடமும் வந்து சேர்ந்தது. விற்றவர் 8×57 என்றுதான் சொன்னார், அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். நல்ல வேளை, சுடுவதற்கு முன்னால் செரோசேஃப் என்ற உலோகத்தை உருக்கிச் சேம்பருக்குள் ஊற்றி அச்சு எடுத்துப் பார்த்தோம். சுடுதண்ணீர்ச் சூட்டிலேயே உருகிவிடுகிற கலவை அது. இறுகி ஒரு மணி நேரம் ஆனதும் சேம்பரின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அச்சை வெளியே தட்டி எடுத்து அளந்தால், 57 மி.மீ. கூட்டுக்கு இருக்க வேண்டிய இடம் 63 மி.மீ.க்கு மேல் போயிருந்தது. அதில் 8×57 போட்டுச் சுட்டிருந்தால் குட்டையான கூடு நெடிய குழிக்குள் வெடித்துக் கிழிந்து, சூடான வாயு முகத்தைப் பார்த்துப் பின்னால் வந்திருக்கலாம்.

சேம்பர் மாற்றுவது கன்ஸ்மித்துக்கு ஒரு நாள் வேலைதான். வேலைக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும், முடிந்த பிறகு குழல்மீது பொறிக்கப்பட வேண்டிய நான்கைந்து எழுத்துகளும்தான் பெரிய விஷயம். இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி அவற்றைப் பற்றியதே.

எதைக் கேட்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி கிளப்பும் சிறு குப்பி), உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குழலின் பின்முனையில் அந்தக் கூடு கச்சிதமாக உட்காரும் குழிதான் சேம்பர். அதற்கு முன்னால் உள்ள நீண்ட துளையில் ரைஃபிளிங் என்ற முறுக்குப் பள்ளங்கள் ஓடும். குண்டு போவது அந்த வழியே.

ரீசேம்பர் என்றால் துளையைத் தொடாமல் சேம்பர்க் குழியை மட்டும் ரீமர் என்ற சுழலும் கடைசல் கருவியால் கடைந்து வேறு தோட்டாவுக்கு ஏற்றதாக ஆக்குவது. லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு ரீமர் புதிதல்ல. இது தோட்டாவின் வடிவத்திலேயே தீட்டிய ரீமர், அவ்வளவுதான். ரீபோர் என்றால் துளையையே பெரிதாக்கிப் பள்ளங்களைப் புதிதாக வெட்டுவது. ரீபேரல் என்றால் பழைய குழலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் குழல் மாட்டுவது. கன்ஸ்மித்திடம் பேசும்போது இந்த மூன்றில் எது வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

குண்டின் விட்டம் மாறாத வரைக்கும்தான் ரீசேம்பர் என்ற பேச்சு. .270 வின்செஸ்டரை .280 ரெமிங்டனாக மாற்றலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. இரண்டும் .30-06 கூட்டிலிருந்து பிறந்த பங்காளிகள், பார்க்கவும் ஒன்று போலிருக்கும். ஆனால் .270-இன் குண்டு .277 அங்குலம், .280-இன் குண்டு .284. சேம்பரை எவ்வளவு கடைந்தாலும் துளை சிறியதாகவே இருக்கும். அது ரீபோர் வேலை, அல்லது புதுக் குழல் வேலை. (.280-ஐ ஒருவர் தவறுதலாக .270 துப்பாக்கியில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, 1957-இல் ரெமிங்டன் அதன் தோளை, அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் இடத்தை, .05 அங்குலம் முன்னுக்குத் தள்ளி வைத்தது.)

போருக்குப் பிந்தைய காலத்தில், துளையைத் தொடாமல் 6.5 மி.மீ. ஜப்பானிய அரிசாகாவுக்கு .30-06 சேம்பர் வெட்டிச் சுட்ட ஒரு மனிதரின் கதை அமெரிக்க வேட்டைக்காரர்கள் நடுவே பிரபலம். .308 குண்டு .264 துளைக்குள் பிதுங்கிப் போனது. அவர் சொன்ன ஒரே குறை, துப்பாக்கி ரொம்ப உதைக்கிறது என்பதுதானாம். அரிசாகாவின் எஃகுக்கு அது நற்சான்றிதழ். மற்றவர்களுக்கு அது விதிவிலக்கு, வழி அல்ல.

ஏன் மாற்றுகிறீர்கள்?

இதற்கு நேர்மையான பதில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். நான் கேட்ட காரணங்களில் முதலிடம் வேகத்துக்கு. இன்னும் கொஞ்சம் மருந்து பிடிக்கும், குண்டு இன்னும் வேகமாகப் போகும் என்ற ஆசை. வெடிமருந்து நிபுணர்கள் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. அழுத்தத்தை ஏற்றாமல் கூட்டின் கொள்ளளவை மட்டும் எத்தனை சதவீதம் கூட்டுகிறீர்களோ, அதில் கால்வாசிச் சதவீதம்தான் வேகம் கூடும். கொள்ளளவு 8 சதவீதம் கூடினால் வேகம் 2 சதவீதம். நொடிக்கு 2,800 அடி போகிற குண்டு 2,856 அடி போகும். இருநூறு கஜத்தில் நிற்கிற மானுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இரண்டாவது காரணம் பழைய தோட்டா கிடைக்கவில்லை என்பது. இது நியாயமானது. மவுசர்களுக்கு நடந்தது இதுதான். ஆனால் மாறிப் போகிற தோட்டா உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கடையில் விற்கவே விற்காத, வீட்டில் தானே அடைத்துக்கொள்ள வேண்டிய தோட்டாக்களை வைல்டுகேட் என்பார்கள். அதற்கு மாறினால் தோட்டா அடைக்கும் டை (அச்சு), கூடு, தராசு, நேரம் எல்லாம் தனிச் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். விமானத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போய்த் தோட்டாப் பெட்டி தொலைந்துபோனவரைக் கேட்டுப் பாருங்கள். .30-06 வைத்திருந்தவர் அங்கேயுள்ள சின்னக் கடையில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு மறுநாள் காடு ஏறியிருப்பார்.

மூன்றாவது, குழலின் தொண்டை (சேம்பர் முடிந்து ரைஃபிளிங் தொடங்கும் இடம்) தேய்ந்துவிட்டது, ஆழமாகக் கடைந்தால் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கை. கொஞ்சம் உண்மை இருக்கிறது. ரீமர் முன்னே போகும்போது தேய்ந்த இடத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆனால் தேய்மானம் சேம்பர் வாயோடு நிற்பதில்லை, பல அங்குலம் முன்னால் வரைக்கும் போயிருக்கும். போர்ஸ்கோப் என்ற குழலுக்குள் பார்க்கும் கருவியை விட்டுப் பாருங்கள். உள்ளே வறண்ட ஏரிக்கரை மண் மாதிரி வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தால், அந்தக் குழலுக்குச் செலவு செய்யாதீர்கள். புதுக் குழலே மலிவு.

இன்னொன்று, பழைய நல்ல துப்பாக்கிகளை விட்டுவிடுங்கள். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70-ஐத் தேடி அலைகிற சேகரிப்பாளர்கள் நிறைய. தொழிற்சாலை வெட்டிய சேம்பரில் ஒரு ரீமர் பட்டதும் அதன் விலை மளமளவென்று இறங்கும். கடைந்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது.

காகிதத்தில் முதல் சோதனை

இந்தச் சோதனையை வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். புதுச் சேம்பர், பழைய சேம்பரை எல்லாப் பக்கமும் முழுதாக விழுங்க வேண்டும். நீளத்தில் மட்டுமல்ல, ஒவ்வோர் இடத்தின் குறுக்களவிலும். ரீமரால் எஃகை எடுக்கத்தான் முடியும், பழைய குழி எங்கேயாவது அகலமாக இருந்தால் அங்கே ஒரு வளையம் நின்றுவிடும். சுட்டதும் பித்தளை அந்த வளையத்துக்குள் உப்பிக்கொண்டு சிக்கும்.

.308 வின்செஸ்டரை .30-06 ஆக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே .308 அங்குலக் குண்டு, ஒரே அடி அகலம். .30-06 நீளம் வேறு. சுலபமான வேலை போலத் தெரியும். ஆனால் .308-இன் கூடு கிட்டத்தட்ட நேராகவே போய்த் தோள் தொடங்கும் இடத்தில் .454 அங்குலம் இருக்கும். அதே இடத்தில் .30-06 சரிந்து ஏறக்குறைய .447-க்கு இறங்கியிருக்கும். வளையம் நிற்கும். போதாததற்கு .308-க்கென்று செய்த குட்டை ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறி அது) .30-06 நுழையவும் நுழையாது. .243 வின்செஸ்டரை 6 மி.மீ. ரெமிங்டன் ஆக்க நினைப்பவருக்கும் இதே கதி.

சரி, நடக்கிற உதாரணம்? .257 ராபர்ட்ஸிலிருந்து .25-06. குண்டு இரண்டிலும் .257 அங்குலம். ராபர்ட்ஸ் கூடு 7×57 மவுசர் வழி வந்தது, தோளில் .430 அங்குலம்தான். .25-06 அதை எல்லாப் பக்கமும் விழுங்கிவிடும். ஆனால் முழுத் தோட்டாவின் நீளம் 2.8 அங்குலத்தருகிலிருந்து 3.25 அங்குலத்துக்குப் போகும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்கு அந்த நீளம் இருந்தால்தான் கதை நடக்கும்.

இரண்டு தோட்டாக்களின் அளவு வரைபடங்களையும் ஸாமி வெளியிட்டிருக்கிறது. 1926 முதல் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தொழிற்சாலைகளுக்குப் பொது அளவு வகுத்துவரும் அமைப்பு அது. நம் காதுக்குச் சாமி என்றே விழும். இந்த விஷயத்தில் சாமி சொன்னதைக் கேட்பது நல்லது.

துப்பாக்கியின் உடம்பு தாங்குமா?

குழல் ஒப்புக்கொண்டாலும் ஆக்‌ஷன் ஒப்புக்கொள்ள வேண்டும். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட், அது பூட்டிக்கொள்ளும் காதுகள், மேகசின் எல்லாம் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன்.

முதலில் மேகசின் நீளம். .308 வகைக்கு 2.8 அங்குலம், .30-06 வகைக்கு 3.34, .300 ஹாலண்ட், .375 ஹாலண்ட் போன்ற நெடிய தோட்டாக்களுக்கு 3.6. ஸ்கேலை வைத்து உள்பக்கம் அளந்து பாருங்கள்.

அடுத்து போல்ட் முகம். .30-06 குடும்பத்துக் கூட்டின் அடி .473 அங்குலம். இடுப்பில் பட்டை போட்ட மேக்னம் கூடுகளின் அடி .532. .30-06 ரைஃபிளை .300 வின்செஸ்டர் மேக்னமாக மாற்றினால் போல்ட் முகத்தைக் குடைந்து அகலமாக்க வேண்டும், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை மாற்ற வேண்டும், மேகசினின் உதடுகளைச் சீராக்க வேண்டும். சுவீடனின் நார்மா நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த .308 நார்மா மேக்னம், இப்படி .30-06 துப்பாக்கிகளைக் கடைந்து மாற்றிக்கொள்ள வசதியாக அமைந்த தோட்டா. ஆனால் போல்ட் முகம் குடைகிற வேலை அதற்கும் உண்டு. அந்தச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு அழுத்தம். இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. சதுர அங்குலத்துக்கு .30-30-க்கு 42,000 பவுண்டு, 7×57-க்கு 51,000, .257 ராபர்ட்ஸுக்கு 54,000, .30-06-க்கு 60,000, .25-06-க்கு 63,000, .270-க்கு 65,000 என்று ஸாமி உச்ச அழுத்த வரம்பு வைத்திருக்கிறது. பழைய தோட்டாவின் அழுத்தத்துக்கென்று செய்த ஆக்‌ஷனில் புதுத் தோட்டாவின் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கன்ஸ்மித்திடம் நேரடியாகக் கேளுங்கள். அழுத்தம் அதே அளவில் இருந்தாலும், கூட்டின் அடி அகலமானால் போல்ட்டை அது பின்னால் தள்ளும் விசையும் கூடும். அதையும் கேளுங்கள்.

சில துப்பாக்கிகளைப் பற்றிக் கேள்வியே வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில், ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்த 800,000-க்குக் கீழ் எண்ணுள்ளவையும், ராக் ஐலண்ட் ஆலையில் செய்த 285,507-க்குக் கீழ் எண்ணுள்ளவையும் சூடேற்றிப் பதம் வைத்ததில் கோளாறானவை. எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போயிருக்கலாம். அவை சுவரில் மாட்ட அழகு. குழலுக்குள் குரோம் பூசிய ராணுவத் துப்பாக்கிகளும் வேண்டாம். குரோம் ரீமரைத் தின்றுவிடும், பெரும்பாலான கன்ஸ்மித்துகள் கையால் தொடவும் மாட்டார்கள்.

முறுக்கையும் மறக்காதீர்கள். சேம்பர் மாறினாலும் ரைஃபிளிங்கின் முறுக்கு மாறாது. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள .22-250-ஐ எப்படிக் கடைந்தாலும், நீளமான கனத்த குண்டுகள் அதில் நிலைகொள்ளாமல் பம்பரம் ஓய்வது போலத் தள்ளாடித்தான் போகும்.

அக்லி இம்ப்ரூவ்டு: அதிகம் கேட்கப்படுவது, அதிகம் கெடுவது

பி. ஓ. அக்லி (1903–1989) அமெரிக்காவின் பெயர்பெற்ற கன்ஸ்மித். கொலராடோவின் டிரினிடாடில் பட்டறை வைத்திருந்தார். கூட்டின் சரிவைக் குறைத்து நேராக்கி, தோளை 40 டிகிரிக்குச் செங்குத்தாக நிறுத்துவது அவர் வழி. கொள்ளளவு கூடும். அதைவிட, பலமுறை சுட்டாலும் பித்தளை முன்னால் நீண்டு வளர்வது குறையும். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பலன்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. புதுச் சேம்பரில் பழைய கடைத் தோட்டாவையே போட்டுச் சுடலாம். .280 ரெமிங்டன் தோட்டாவை .280 அக்லி இம்ப்ரூவ்டு சேம்பரில் சுட்டால், கூடு உப்பிப் புது வடிவத்தில் வெளியே வரும். இதை ஃபயர்ஃபார்மிங் என்பார்கள். 2007-இல் .280 அக்லிக்கு ஸாமி முத்திரையும் கிடைத்துவிட்டது, இப்போது கடைத் தோட்டாவும் உண்டு. முதல் முறை ரீசேம்பர் செய்கிறவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தோட்டா இதுதான். துப்பாக்கி ஏற்கெனவே .280 ஆக இருந்து, குழலும் நல்ல நிலையில் இருந்தால்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஹெட்ஸ்பேஸ் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

போல்ட்டைப் பூட்டிய பிறகு, போல்ட் முகத்துக்கும், கூட்டை முன்னால் போகவிடாமல் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .30-30 போல விளிம்பு வைத்த கூட்டுக்கு அந்த விளிம்பே தடை. மேக்னத்துக்கு இடுப்புப் பட்டை. .30-06, .280 போன்றவற்றுக்குத் தோள். தூரம் குறைந்தால் போல்ட் பூட்டாது. கூடினால், சுட்ட கணத்தில் கூட்டின் முன்பகுதி சேம்பர்ச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும், அடிப்பகுதி பின்னால் ஓடும், நடுவே பித்தளை இழுபட்டு மெலிந்து அறும். இதைச் சேம்பருக்குள் அளவுக் கட்டை (கேஜ்) போட்டுச் சோதிப்பார்கள். .30-06-க்கு ‘கோ’ கேஜ் 1.940 அங்குலம், ‘நோ-கோ’ 1.946, ‘ஃபீல்டு’ 1.950. மொத்த விளையாட்டும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்குக்குள். போல்ட் கோ கேஜின்மேல் பூட்ட வேண்டும், நோ-கோ கேஜின்மேல் பூட்டக் கூடாது.

அக்லி சேம்பரின் ஹெட்ஸ்பேஸ், மூலத் தோட்டாவின் கோ அளவைவிட ஆயிரத்தில் நான்கு பங்கு குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் பழைய கடைத் தோட்டாவைப் போட்டுப் போல்ட்டைப் பூட்டும்போது, கழுத்தும் தோளும் சேரும் முனை லேசாக நசுங்கி, கூடு அசையாமல் நிற்கும். கையில் ஒரு சின்ன இறுக்கம் தெரியும். அந்த இறுக்கம்தான் பாதுகாப்பு.

குழலைக் கழற்றாமல் அக்லி ரீமரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் இது கிடைக்காது. இருக்கிற ஹெட்ஸ்பேஸைக் குறைக்க வேண்டுமென்றால் குழலைப் பின்னுக்கு நகர்த்தித்தான் ஆக வேண்டும். குழலைக் கழற்றி, அதன் தோளையும் பின்முனையையும் லேத்தில் கடைந்து, ஒரு மரை உள்ளே தள்ளி, பிறகு சேம்பர் வெட்ட வேண்டும். ரெமிங்டன் 700, வின்செஸ்டர் 70 குழல்களில் அங்குலத்துக்கு 16 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே போகும். முழுச் சுற்றாகப் போனால் குழல்மீதுள்ள எழுத்தும் சைட்டும் பழையபடி நேராக வந்து நிற்கும்.

ஆகவே அக்லி வேண்டுமென்று கேட்கும்போது, குழலைப் பின்னுக்கு நகர்த்துவீர்களா என்று கேளுங்கள். தேவையில்லை, அப்படியே வெட்டிவிடலாம் என்று பதில் வந்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். விளிம்பில் நிற்கும் கூடுகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. .22 ஹார்னெட்டைக் கே-ஹார்னெட் ஆக்குவது அதனால்தான் இந்த உலகின் சுலபமான ரீசேம்பர். விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும், வயிறு மட்டும் அகலும்.

கன்ஸ்மித்தைப் பிடிப்பது

குழல் மாற்றும் வேலையை அன்றாடம் செய்கிறவரிடம் போங்கள். ஸ்கோப் மாட்டித் தருபவரும், மரக்கட்டை மெருகு போடுபவரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம், இது வேறு வேலை. உங்களுக்கு வேண்டிய தோட்டாவின் ரீமரும் கேஜ்களும் அவரிடம் இருக்கின்றனவா, வாடகைக்கு எடுப்பாரா? ரீமர் வாடகைக்குக் கிடைக்கிற பொருள்தான், அதில் குறையில்லை. சேம்பர் குழலின் துளைக்கு நேர்க்கோட்டில் அமைய டயல் வைத்துப் பார்த்து லேத்தில் கட்டுவாரா? வேலை முடிந்து தானே சுட்டுப் பார்ப்பாரா? இவ்வளவு கேட்டால் போதும். நல்ல கன்ஸ்மித்துக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். எரிச்சல் படுகிறவரை விட்டுவிடலாம்.

வைல்டுகேட் என்றால் ரீமரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது அளவு இல்லாத தோட்டாவுக்கு ஒவ்வொரு ரீமரும் கொஞ்சம் வேறுபடும். எந்தக் குண்டு போடப்போகிறீர்கள் என்று முன்பே முடிவு செய்து, மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு மாதிரித் தோட்டா செய்து கொடுத்தால், தொண்டையின் நீளத்தை அதற்கேற்ப வெட்டுவார். மேகசினிலிருந்து ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்கவும் அது உதவும்.

அமெரிக்காவில் துப்பாக்கியை இரவு பட்டறையில் விட்டுவிட்டு வந்தால், உரிமம் பெற்ற கன்ஸ்மித் அதைத் தன் பதிவேட்டில் எழுத வேண்டும். வேலை முடிந்து கொடுத்தவரிடமே திருப்பித் தரும்போது, புதிதாக வாங்குவது போலப் படிவம் நிரப்பத் தேவையில்லை. வெளி மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்கும் ரைஃபிளைத் தபாலில் அனுப்பலாம், அவரும் உங்களுக்கே நேராக அனுப்பலாம். தபால் பெட்டிக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மாதிரித் தோட்டாவை அனுப்பும் முன் அதற்கு என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கோப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்புவது நல்லது.

பிரிட்டனில் கதை வேறு. உங்கள் சான்றிதழில் எழுதியிருப்பது பழைய தோட்டா. வேறு தோட்டாவுக்கு மாற்றும் முன் போலீசிடம் அந்தச் சான்றிதழில் திருத்தம் வாங்க வேண்டும். சேம்பர் மாறிய குழலை லண்டன் அல்லது பர்மிங்காம் புரூஃப் ஹவுஸில் மறுபடி சோதித்து முத்திரை வாங்க வேண்டும். அமெரிக்கருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனக்கென்னவோ, இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுது பார்ப்பதும் குற்றம். உங்கள் லைசென்ஸும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, ஒரு குறிப்பிட்ட துளை அளவுக்குத்தான். .303 ராணுவத்துக்கும் போலீசுக்கும் உரியது என்பதால்தான் இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலை பொதுமக்களுக்கென்று .315 ரைஃபிளைச் செய்து விற்றது. அதைக் கடைந்து வேறாக்கும் யோசனை இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள்.

துப்பாக்கி கைக்கு வந்ததும்

முதலில் எழுத்தைப் பாருங்கள். குழல்மீது புதுத் தோட்டாவின் முழுப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். பழைய பெயரை அடித்திருக்க வேண்டும். மூலத் தோட்டாவையும் சுடலாம் என்ற நிலை இருந்தால் மட்டும் அது நிற்கலாம். ‘.280’ என்ற பழைய பொறிப்புக்குப் பின்னால் ‘அக்லி இம்ப்ரூவ்டு’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்துவிடுவது வழக்கம், அது போதும். கன்ஸ்மித் மறந்திருந்தால் பணம் கொடுக்கும் முன் திருப்பிக் கொடுத்துப் பொறித்து வாங்குங்கள். நான் இதில் பிடிவாதக்காரன். என் மவுசரைக் கடைந்தவர் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு நிமிடம் எழுத்து அச்சை எடுத்துக் குழல்மீது தட்டியிருந்தால் எழுபது ஆண்டு கழித்து யாருக்கும் ஆபத்து வந்திருக்காது.

அங்கேயே கேஜ்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோ பூட்டுகிறது, நோ-கோ பூட்டவில்லை என்று கண்ணால் பாருங்கள். அவர் சுட்ட வெற்றுக்கூடுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவை பேசும். நெடுக்காகக் கீறல் இருந்தால் சேம்பருக்குள் பிசிறு. ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் சேம்பர் துளைக்கு நேராக அமையவில்லை. அடியிலிருந்து சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் பித்தளை இழுபடுகிறது, ஹெட்ஸ்பேஸ் சரியில்லை. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் விட்டு உட்சுவரைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். வளையம் தெரிந்த இடத்தில் கிளிப் ஒரு பள்ளத்தில் தட்டினால் சுடுவதை நிறுத்திவிட்டு நேராகக் கன்ஸ்மித்திடம் போங்கள்.

ஃபயர்ஃபார்மிங் செய்யும்போது கடைத் தோட்டாவையோ, மூலத் தோட்டாவுக்கு அச்சிட்ட மருந்து அளவையோ தாண்டாதீர்கள். சேம்பரில் எண்ணெய் இருக்கக் கூடாது. எண்ணெய் பட்ட கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கும், மொத்த விசையும் போல்ட் மீது விழும். கண்ணாடி போடுங்கள், நூறு தடவை சுட்டவர் என்றாலும். குழல் கழன்று மாட்டப்பட்டிருப்பதால் ஸ்கோப்பின் பழைய ஜீரோவை (குறியும் குண்டும் ஒன்றுபடும் நிலையை) நம்பாமல், 25 கஜத்தில் தொடங்கி மறுபடி பிடியுங்கள்.

கடைசி வேலை அலமாரியில். .280-ஐ அக்லி ஆக்கியவர் பழைய .280 டப்பாக்களை வைத்துச் சுட்டுத் தீர்க்கலாம். .257 ராபர்ட்ஸை .25-06 ஆக்கியவர் அப்படிச் செய்ய முடியாது. பழைய தோட்டா புதுக் குழிக்குள் விழும், எக்ஸ்ட்ராக்டர் பிடியில் நிற்கவும் நிற்கும், அடித்தால் வெடிக்கவும் செய்யும், ஆனால் அதைத் தடுத்து நிறுத்தத் தோள் இருக்காது. வீட்டில் இருக்கிற ராபர்ட்ஸ் டப்பாக்களை அந்த வாரமே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கோட்டுப் பையில், பைக்குள், வண்டியின் கையுறைப் பெட்டியில் உதிரியாகக் கிடக்கும் இரண்டு மூன்றையும் தேடி எடுங்கள். ரீமர் வரைபடம், கன்ஸ்மித்தின் ரசீது, சுட்ட கூடு ஒன்று, இவற்றை ஓர் உறையில் போட்டுத் துப்பாக்கிப் பெட்டியோடு வையுங்கள். துப்பாக்கி கை மாறும்போது அந்த உறையும் சேர்ந்து போகட்டும்.